எலிஃபெண்டா யானையை பைகுல்லால பாக்குறது எப்படி: ராணிபாக் சிலைங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊர்லேருந்து சொந்தக்காரங்க வந்தா தாராவி, சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில் பக்கம் இருக்கற நம்மாளுங்க கட்டாயம் கூட்டிட்டுப் போற எடத்துல, பம்பாய் பைகுல்லால இருக்கற ஜூ தோட்டமான ராணிபாக் ஒண்ணு. பென்குயின் காட்டுவோம், புலி காட்டுவோம், பசங்களுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுப்போம், கால் வலிக்குதுன்னு கிளம்பிடுவோம். நானும் சின்ன வயசுலேருந்து இருபது தடவையாவது போயிருப்பேன். ஆனா கேட்டுக்குள்ள நுழைஞ்ச உடனே இருக்கற மியூசியத்தையும், அதுக்கு வெளிய தோட்டத்துல நிக்கற கல் யானையையும், பின்பக்கம் இருக்கற பழைய சிலைங்களையும் ஒழுங்கா நின்னு பாத்தது போன நாலஞ்சு வருஷமாத்தான். அது எங்க பெரியப்பாவால. அவரு திருநெல்வேலி பக்கம் அம்மி கொத்துறவரு, ஆட்டுக்கல் கொத்துறவரு, வாழ்க்கை பூரா உளியும் சுத்தியலும்தான். ஒரு தீபாவளிக்கு பம்பாய் வந்தப்போ ராணிபாக் கூட்டிட்டுப் போனேன், அவரு பென்குயின் பக்கம் வரவே இல்ல, அந்தக் கல் யானை முன்னாடி முக்கால் மணி நேரம் நின்னாரு. அன்னிக்கு அவரு சொல்லிக் குடுத்ததையும் அதுக்கப்புறம் நானா தேடிப் படிச்சதையும் சேத்து இங்க எழுதறேன், நீங்க போனா அந்த எடத்தை சும்மா தாண்டிப் போயிடக் கூடாதுன்னுதான்.

முதல்ல எப்ப போறதுன்னு சொல்லிடறேன். புதன்கிழமை போயிடாதீங்க, ஜூவும் லீவு, மியூசியமும் லீவு. புதன்கிழமை ஏதாவது அரசு விடுமுறை வந்தா ஜூவைத் திறந்து வச்சுட்டு மறுநாள் மூடுவாங்க, அதனால பண்டிகை வாரத்துல போறவங்க வியாழக்கிழமையையும் ஒரு தடவை செக் பண்ணிக்கோங்க. மியூசியத்துல அப்பப்ப ரிப்பேர் வேலை நடக்கும், கிளம்பறதுக்கு முன்னாடி திறந்திருக்கான்னு பாத்துக்கறது நல்லது. ஞாயித்துக்கிழமை கூட்டம் தாங்காது, பள்ளிக்கூட லீவுல சொல்லவே வேணாம். என்னைக் கேட்டா சனிக்கிழமை காலைல கேட் திறந்த உடனே உள்ள போறது, இல்லன்னா வேலை நாள்ல மூணு மூணரை மணி வாக்குல போறது, இந்த ரெண்டுதான் நல்ல நேரம். அதுக்கு கூட்டம் மட்டும் காரணம் இல்ல, வெயிலும் ஒரு காரணம், அதைக் கீழ சொல்றேன்.

சயான்லேருந்து போறவங்க சி.எஸ்.எம்.டி பக்கம் போற ஸ்லோ லோக்கல் ஏறுங்க, மாட்டுங்கா, தாதர், பரேல், கரி ரோடு, சிஞ்ச்போக்லி, அதுக்கடுத்தது பைகுல்லா. கிழக்குப் பக்கமா வெளிய வந்து அம்பேத்கர் ரோட்டைப் புடிச்சு நடந்தா பத்து நிமிஷத்துல கேட் வந்துடும். வயசானவங்க கூட இருந்தா சயான்லேருந்தோ மாட்டுங்காலேருந்தோ அதே அம்பேத்கர் ரோட்டுல போற பெஸ்ட் (BEST) டவுன் பஸ் ஏறிடுங்க, ஸ்டேஷன் படி ஏறி இறங்கற கஷ்டம் இருக்காது. ஞாயித்துக்கிழமை போனா மெகா பிளாக், அதாவது தண்டவாள வேலைக்காக லோக்கல் ரயிலைக் கொறைக்கறது, இருக்கான்னு பாக்காம வீட்டை விட்டு இறங்காதீங்க. பைகுல்லால இறங்கினதும் அந்த ஸ்டேஷன் கட்டடத்தையே ஒரு நிமிஷம் பாருங்க, 1853ல இந்த நாட்டுல முதல் பயணிகள் ரயில் ஓடுன லைன்ல இருக்கற ஸ்டேஷன் அது, பழசை அழிக்காம அழகா புதுப்பிச்சு வச்சிருக்காங்க.

ஜூவுக்கும் மியூசியத்துக்கும் டிக்கெட் தனித்தனி. ஜூ கவுன்டர்ல குடும்பத்துக்குன்னு சேத்து ஒரு டிக்கெட் உண்டு, அப்பா அம்மா ரெண்டு பசங்கன்னு போனா அதைக் கேட்டு வாங்குங்க, காசு மிச்சம். கவுன்டரை சாயங்காலம் சீக்கிரமே மூடிடுவாங்க, நாலு மணிக்குள்ள போய்ச் சேந்துடுங்க. நான் சொல்ற கட்டடம் டாக்டர் பாவு தாஜி லாட் மியூசியம். 1872ல விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம்ங்கற பேர்ல திறந்தது, 1975லதான் இப்ப இருக்கற பேரு வச்சாங்க. பாவு தாஜிங்கறவரு டாக்டர், இந்த மியூசியம் வரணும்னு பாடுபட்டவங்கள்ல ஒருத்தரு. ராணிபாக்ங்கற பேரு கூட விக்டோரியா ராணி பேர்ல தோட்டம் இருந்ததால வந்ததுதான், இப்ப அதிகாரப்பூர்வ பேரு வீரமாதா ஜீஜாபாய் போஸ்லே உத்யான், ஆனா டாக்ஸிக்காரர்கிட்ட ராணிபாக்னு சொன்னாத்தான் உடனே புரியும்.

இப்ப யானைக்கு வர்றேன், இதுக்காகத்தான் இவ்வளவும்.

எலிஃபெண்டா தீவுக்குப் போயிருப்பீங்க. கேட்வேலேருந்து ஒரு மணி நேரம் படகு, குகைக்குள்ள மூணு முகத்தோட பெரிய சிவன். பசங்க கேப்பாங்க, எலிஃபெண்டான்னு பேரு வச்சிருக்கீங்களே யானை எங்கன்னு. அந்தத் தீவோட உண்மையான பேரு கராபுரி. போர்ச்சுகீசுக்காரங்க வந்து எறங்குன எடத்துல ஒரு பெரிய கல் யானை நின்னுச்சு, அதைப் பாத்துட்டுத்தான் அந்தப் பேரு வச்சாங்க. 1864ல வெள்ளைக்காரங்க அந்த யானையை இங்கிலாந்துக்குத் தூக்கிட்டுப் போகப் பாத்தாங்க, தூக்கும்போது கிரேன் சங்கிலி அறுந்து யானை கீழ விழுந்து துண்டு துண்டா ஒடைஞ்சு போச்சு. ஒடைஞ்ச துண்டுங்களை இந்தத் தோட்டத்துல கொண்டு வந்து போட்டாங்க. அம்பது வருஷம் கழிச்சு 1914லதான் அந்தத் துண்டுங்களை ஒண்ணு சேத்து மறுபடி யானையா நிக்க வச்சாங்க. அந்த யானைதான் பைகுல்லால மியூசியத்துக்கு வெளிய மரத்தடில நிக்குது. ஒரு தீவுக்கே பேரு குடுத்த யானை, பஸ்ஸும் டாக்ஸியும் ஹாரன் அடிக்கற ரோட்டுலேருந்து கூப்பிடு தூரத்துல நிக்குது, பக்கத்துல நின்னு செல்ஃபி எடுக்கறவங்கள்ல எத்தனை பேருக்கு இது தெரியும்னு நெனச்சா எனக்கு மனசு கனத்துப் போகும்.

பாக்குற முறையை பெரியப்பா சொன்ன மாதிரியே சொல்றேன். கல்லை மத்தியானத்துல பாக்காதன்னு சொன்னாரு. உச்சி வெயில்ல கல்லு பூரா ஒரே மாதிரி வெளுத்துப் போய்த் தெரியும், வெயில் சாயும்போது பாத்தாத்தான் மேடு பள்ளம் எல்லாத்துலயும் நிழல் விழும், உளி போன வழி தெரியும். காலைலயோ சாயங்காலமோ போங்கன்னு சொன்னதுக்கு இதுதான் காரணம். முதல்ல இருபது அடி தள்ளி நின்னு மொத்த யானையையும் பாருங்க, எடை எந்தக் கால்ல இறங்குதுன்னு பாருங்க. அப்புறம் மெதுவா ஒரு சுத்து வாங்க, கோயில் பிரகாரம் சுத்தற மாதிரி, நாலு பக்கத்துலயும் நின்னு நின்னு. ரெண்டாவது சுத்துல கிட்டப் போய் ஒட்டு எங்கெங்க இருக்குன்னு தேடுங்க. துண்டும் துண்டும் சேர்ற எடம் கோடு மாதிரி ஓடும், சில எடத்துல கல்லோட நிறமும் சொரசொரப்பும் மாறும், பசங்களை விட்டா நம்மை விட வேகமா கண்டுபுடிச்சுடுவாங்க. பெரியப்பா ஒவ்வொரு ஒட்டையும் காட்டி, இந்த எடத்துல அடி பலமா விழுந்திருக்கு, இது அப்படியே பொளந்துக்கிட்ட எடம்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. கடைசில, ஒடைச்சவன் யாரோ, பொறுக்கி எடுத்து நிக்க வச்சவன் யாரோ, வச்சவன் கைக்குப் புண்ணியம்னு சொல்லிட்டு யானையைப் பாத்து ஒரு கும்பிடு போட்டாரு.

நம்ம மாமல்லபுரம் பஞ்ச ரதத்துகிட்ட ஒத்தக் கல்லுல ஒரு யானை இருக்குல்ல, நகுல சகதேவ ரதம் பக்கத்துல, அதைப் பாத்தவங்க ரெண்டையும் மனசுல பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. மாமல்லபுரத்துல இருக்கறது கிரானைட், இங்க இருக்கறது எரிமலைக் குழம்பு இறுகிப் போன கல்லு, இந்த மஹாராஷ்டிரா பூமி பூரா அதுதான். அந்த யானை பொறந்த எடத்துலயே பத்திரமா நிக்குது, இது ஒடைஞ்சு, கடல் தாண்டி வந்து, ஒட்டி நிக்குது. மழைக்காலத்துல இந்தக் கல்லு நனைஞ்சா கன்னங்கரேல்னு மின்னும், ஜூலை ஆகஸ்ட்ல குடை எடுத்துட்டு ஒரு தடவை போங்க, தரை வழுக்கும், செருப்பு நல்லதா போட்டுக்கோங்க, ஆனா அந்த அழகு வெயில் காலத்துல வராது.

மியூசியத்துக்குப் பின்பக்கம்தான் மத்த சிலைங்க. வழி தெரியலன்னா செக்யூரிட்டிகிட்ட கேளுங்க, பையா, பீச்சே கே புத்லே கிதர் ஹை (பின்னாடி இருக்கற சிலைங்க எங்க)ன்னு கேட்டா காட்டிடுவாங்க. இதெல்லாம் ஒரு காலத்துல ஃபோர்ட் ஏரியால முக்கு முக்கா நின்ன வெள்ளைக்காரங்க சிலைங்க. சுதந்திரம் வந்து கொஞ்ச வருஷம் கழிச்சு, இவங்களுக்கு ஏன் இன்னும் நடுரோட்டுல எடம்னு கேள்வி வந்துச்சு, 1965ல எடுத்து இங்க கொண்டு வந்துட்டாங்க. மெட்ராஸ்ல நீல்ங்கற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி சிலைக்கு நடந்த கதையேதான். 1857 கலகத்துல ஜனங்களைக் கொன்னு குவிச்சவனுக்கு மவுண்ட் ரோட்டுல சிலையான்னு போராட்டம் பண்ணாங்க, 1937ல ராஜாஜி ஆட்சி வந்ததும் அதை எடுத்து எழும்பூர் மியூசியத்துக்கு அனுப்பிட்டாங்க. சிலையை ஒடைச்சுப் போடாம மியூசியத்துல வச்சது ரெண்டு ஊர்லயும் நல்ல முடிவுன்னுதான் நான் நெனைக்கறேன். ரோட்டுல நிக்கும்போது நாம அண்ணாந்து பாக்கணும், இங்க பக்கத்துல போய் முகத்துக்கு முகம் பாக்கலாம்.

முதல்ல குதிரை மேல இருக்கறவரைத் தேடுங்க. இதுதான் நெஜமான காலா கோடா. ஜெஹாங்கீர் ஆர்ட் கேலரி இருக்கற ஏரியாவுக்கு காலா கோடான்னு பேரு வந்ததே இந்தச் சிலையாலதான், கறுப்பா இருந்த வெண்கலக் குதிரையைப் பாத்து ஜனங்க வச்ச பேரு. மேல உக்காந்திருக்கறது பிற்பாடு ஏழாம் எட்வர்ட் ராஜாவான வேல்ஸ் இளவரசர். அவரு பம்பாய் வந்துட்டுப் போன ஞாபகமா ஆல்பர்ட் சசூன்ங்கற வியாபாரி குடுத்தது, செஞ்சவரு ஜோசஃப் எட்கர் போம்னு ஒரு சிற்பி, 1879ல திறந்தாங்க. குதிரை இங்க வந்துட்டாலும் பேரு மட்டும் அங்கயே தங்கிப் போச்சு, அப்புறம் 2017ல ஆளே இல்லாத ஒரு புதுக் குதிரையை அந்த ஏரியால வச்சாங்க. அதனால டாக்ஸில ஏறி காலா கோடா போகணும்னு சொல்லிடாதீங்க, நேரா ஃபோர்ட்ல கொண்டு போய் விட்டுடுவாங்க.

குதிரைச் சிலையைப் பாக்கும்போது பசங்களுக்கு ஒரு வேலை குடுங்க. மெட்ராஸ்ல தீவுத்திடல் பக்கத்துல நிக்கற முன்ரோ சிலைல குதிரைக்கு சேணமும் கெடையாது, கால் வைக்கற அங்கவடியும் கெடையாது, அது ஊருக்கே தெரிஞ்ச விஷயம். இந்தக் குதிரைல என்னென்ன இருக்கு, கடிவாளம் எப்படிப் போகுது, வால் எப்படித் தொங்குது, எந்தக் கால் தூக்கியிருக்குன்னு ஒவ்வொண்ணா பாத்துச் சொல்லச் சொல்லுங்க. என் தங்கச்சி பையனுக்கு எட்டு வயசு, அஞ்சு நிமிஷம் ஒரு எடத்துல நிக்க மாட்டான், இப்படி வேலை குடுத்ததும் குதிரையை மூணு தடவை சுத்தி வந்தான்.

அப்புறம் விக்டோரியா ராணி. வெள்ளை சலவைக்கல், சிம்மாசனத்துல உக்காந்த மாதிரி, மேத்யூ நோபிள் செஞ்சது, பரோடா மகாராஜா காண்டேராவ் கெய்க்வாட் குடுத்தது, 1872ல ஃபோர்ட்ல திறந்தாங்க. அப்ப ராணி தலைக்கு மேல கல்லுல அவ்வளவு வேலைப்பாட்டோட ஒரு விதானம் இருந்துச்சு, கோயில் விமானம் மாதிரி ஒசந்து நிக்கும், பழைய போட்டோல பாத்தா கண்ணு அகன்று போகும். இப்ப விதானம் இல்ல, சிலை மட்டும்தான். 1896ல வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்த சாபேகர் சகோதரர்கள் இந்தச் சிலை மேல தாரைப் பூசி செருப்பு மாலை போட்டுட்டுப் போயிட்டாங்க. அந்தக் கறையை எடுக்க யார் யாரோ முயற்சி பண்ணி முடியாம கடைசில பேராசிரியர் கஜ்ஜர்னு ஒரு கெமிஸ்ட்ரிக்காரர்தான் எடுத்தாரு. முகத்தைக் கிட்டப் போய்ப் பாருங்க, அடிபட்டிருக்கறது தெரியும், அதைப் பாத்துட்டு அப்படியே துணி மடிப்புக்கு வாங்க, சலவைக்கல்லுல சேலை மடிப்பு மாதிரி அவ்வளவு மெல்லிசா இழைச்சிருக்கறதைப் பாருங்க. அந்த ராணி மேல நமக்கு என்ன கோபம் இருந்தாலும் அந்த உளி வேலைக்கு மரியாதை குடுக்கலாம், பெரியப்பா அதைத்தான் செஞ்சாரு, யாருன்னு கேக்கவே இல்ல, மடிப்பை மட்டும் பத்து நிமிஷம் பாத்தாரு. வெள்ளைக் கல்லுங்கறதால நேர் வெயில்ல கண்ணு கூசும், போட்டோவும் வெளுத்துப் போயிடும், நிழல் பக்கமா வந்து எடுங்க.

கவர்னர் ஜெனரலா இருந்த கார்ன்வாலிஸ் சிலையும் இங்கதான். இவருக்கு மெட்ராஸ்லயும் ஒரு சிலை உண்டு, கோட்டை மியூசியத்துல, பீடத்துல திப்பு சுல்தானோட பிள்ளைங்களைப் பணயமா வாங்குற காட்சி செதுக்கியிருக்கும், பாத்தவங்களுக்கு மறக்காது. பம்பாய்ல இவரு சிலையை இப்ப ஹார்னிமன் சர்க்கிள் இருக்கற பக்கம் வச்சிருந்தப்போ ஜனங்க சாமின்னு நெனச்சு மாலை போட்டுக் கும்பிட்டாங்கன்னு பழைய கெசட்டியர்ல இருக்கு. எங்க அத்தை ஒரு தடவை கூட வந்திருந்தாங்க, இந்த சிலைங்க முன்னாடி நின்னு, இது எந்தச் சாமிடான்னு கேட்டாங்க. அப்ப எனக்கு இந்தக் கதை தெரியாது, தெரிஞ்சப்புறம் அத்தை கேட்ட கேள்வியை இருநூறு வருஷம் முன்னாடியே இந்த ஊர்க்காரங்க கேட்டிருக்காங்கன்னு புரிஞ்சுது. வெல்லெஸ்லி, இன்னும் சில கவர்னருங்க சிலையும் இருக்கு, அதையெல்லாம் ஒரு பார்வை பாத்தாப் போதும்.

தொடலாமான்னு கேப்பாங்க. தொடாதீங்க. நம்ம கை வேர்வையும் எண்ணெயும் சலவைக்கல்லுல ஊறி மஞ்சளாகும், வெண்கலத்துல தொட்ட எடம் மட்டும் பளபளன்னு தனியாத் தெரியும். பசங்களைத் தூக்கி யானை மேல உக்கார வச்சு போட்டோ எடுக்கற ஆசை எல்லாருக்கும் வரும், எங்க வீட்லயும் அந்தக் காலத்துல அப்படி எடுத்த போட்டோ இருக்கு, ஆனா அது ஒட்டி வச்ச யானை, இனிமே வேணாம். சாவியால பேரு கிறுக்கறவங்களைப் பாத்தா வாயைத் திறந்து சொல்லிடுங்க, மரியாதையா சொன்னா கேப்பாங்க.

வெளிய சிலைங்களைப் பாத்து முடிச்சதும் மியூசியத்துக்குள்ளயும் போயிட்டு வாங்க. உள்ள ஆல்பர்ட் இளவரசர் சிலை இருக்கு, அதுவும் அதே மேத்யூ நோபிள் கை வேலை, வெளிய மழையும் வெயிலும் பட்ட ராணியையும் உள்ள பாதுகாப்பா இருக்கற அவங்க வீட்டுக்காரரையும் பாத்தா சலவைக்கல்லை வானம் என்ன பண்ணும்னு ஒரே நாள்ல தெரிஞ்சுக்கலாம். பசங்களுக்கு சின்னச் சின்ன மண் பொம்மைங்க புடிக்கும், அந்தக் காலத்து பம்பாய் ஜனங்க என்னென்ன தொழில் பண்ணாங்க, எப்படி உடுத்துனாங்கன்னு அதுல இருக்கும். கூரையையும் தூணையும் அண்ணாந்து பாக்க மறக்காதீங்க, 2003லேருந்து 2008 வரைக்கும் அஞ்சு வருஷம் ஒக்காந்து புதுப்பிச்ச கட்டடம், அதுக்கு யுனெஸ்கோ விருதும் கெடச்சிருக்கு. வெளிய வந்தா பக்கத்துலயே டேவிட் சசூன் மணிக்கூண்டு. மொத்தமா ஒண்ணரை மணி நேரம் வச்சுக்கோங்க, முதல்ல யானை, அப்புறம் பின்பக்கம், அப்புறம் மியூசியம், பென்குயின் கடைசில. பென்குயினை முதல்ல காட்டிட்டா அப்புறம் எந்தப் பிள்ளையும் சிலை பாக்க வராது.

சாப்பாட்டுக்கு ஸ்டேஷன் பக்கத்துல வடா பாவ் கெடைக்கும், பசி தாங்குறவங்க மாட்டுங்கால எறங்கிடுங்க. ஸ்டேஷன் பக்கத்துலயே ராமா நாயக் உடுப்பி, 1942லேருந்து இருக்கு, எலை போட்டு சாப்பாடு. டிபன்தான் வேணும்னா கிங்ஸ் சர்க்கிள் பக்கம் கஃபே மெட்ராஸ், ஞாயித்துக்கிழமை வரிசைல நிக்கணும், பெரியவங்க கூட இருந்தா வேற நாள் வச்சுக்கோங்க.

முடிஞ்சா மறுநாளே எலிஃபெண்டா போங்க, திங்கக்கிழமை அங்க குகை லீவு, அதனால சனிக்கிழமை ராணிபாக், ஞாயித்துக்கிழமை தீவுன்னு வச்சுக்கிட்டா சரியா இருக்கும். நாங்க அப்படித்தான் போனோம். படகு பாதி தூரம் போனதும் பின்னாடி சீட்ல யாரோ ஒரு குழந்தை, மம்மி, ஹாத்தி கஹா ஹை (யானை எங்க)ன்னு கேட்டுச்சு, அவங்கம்மா பதில் தேடறதுக்குள்ள என் தங்கச்சி பையன் சீட்டு மேல ஏறி நின்னு, பாய்கலா மே ஹை, டூட் கயா தா, ஃபிர் ஜோட் தியா (பைகுல்லால இருக்கு, ஒடைஞ்சு போச்சு, அப்புறம் ஒட்டிட்டாங்க)ன்னு கத்துனான், படகே திரும்பிப் பாத்துச்சு.